பாதுகாப்பு ஓட்டைகளை ஏஐ ஏஜென்ட் வழியாகத் தேடுவது எப்படி

"இந்த லைப்ரரியில் ஓட்டை இருக்கிறதா?" என்று வெறுமனே கேட்டால், ஏஐ மாடல் நினைவிலிருந்து பதில் சொல்லும். அசல் போலவே ஒரு சிவிஇ எண் (வெளியான ஒவ்வொரு பாதுகாப்பு ஓட்டைக்கும் தரப்படும் பொது அடையாள எண்) வரும். தேடிப் பார்த்தால் அது வேறு மென்பொருளின் எண்ணாக இருக்கும், அல்லது அப்படியொரு எண்ணே இருக்காது. அதனால் ஏஜென்ட்டின் (கருவிகளை இயக்கி வேலை செய்யும் ஏஐயின்) நிரந்தர அறிவுறுத்தலில் முதல் வரியே இதுதான்: கருவி திருப்பித் தந்த தரவில் இல்லாத எண்ணையோ பதிப்பையோ எழுதாதே.

அடுத்து, எதைத் தேடுவது என்பதைத் துல்லியமாகக் கொடுங்கள். "லாக்4ஜே பயன்படுத்துகிறோம்" என்பது போதாது (லாக்4ஜே என்பது ஜாவா நிரல்களில் நிகழ்வுப் பதிவு எழுதும் லைப்ரரி). சிவிஇ-2021-44228 இருப்பது லாக்4ஜே-கோர் தொகுப்பில். லாக்4ஜே-ஏபிஐ மட்டும் இருந்தால் பாதிப்பில்லை. லாக் ஃபைலையே (lock file: எல்லாத் தொகுப்புகளின் துல்லியமான பதிப்பையும் பதிந்து வைக்கும் கோப்பு) கொடுத்துவிட்டால் மறைமுகமாக உள்ளே வரும் தொகுப்புகளும் சரியான பதிப்போடு கிடைக்கும்.

கருவிகளாக இரண்டை இணைத்தால் தொடங்கிவிடலாம். முதலாவது ஓஎஸ்வி, திறந்தமூலத் தொகுப்புகளின் ஓட்டைகளுக்கான தரவுத்தளம். அதன் ஏபிஐக்கு (நிரல்கள் கேள்வி கேட்கும் வாசல்) அனுமதிச் சாவி வேண்டாம். தொகுப்பின் பெயர், அது எந்தக் களஞ்சியத்தைச் சேர்ந்தது, பதிப்பு ஆகிய மூன்றும் போதும். ஒரே அழைப்பில் 1000 தொகுப்புகள் வரை கேட்கலாம். ஆனால் அப்படி மொத்தமாகக் கேட்டால் அடையாள எண்களும் கடைசியாகத் திருத்திய நேரமும் மட்டுமே வரும். ஒவ்வொன்றின் விவரத்தையும் தனியாக எடுக்கச் சொல்லாவிட்டால், மீதியை ஏஜென்ட் சொந்தச் சரக்கால் நிரப்பிவிடும். இரண்டாவது என்விடி, அமெரிக்க அரசின் ஓட்டைத் தரவுத்தளம். அதன் ஏபிஐ, சாவி இல்லாமல் 30 விநாடிக்கு 5 கோரிக்கைகளை ஏற்கும். சாவி இருந்தால் 50. அழைப்புகளுக்கு நடுவே 6 விநாடி இடைவெளி விடுங்கள். வரம்பு மீறி மறுக்கப்பட்ட அழைப்பை "ஒன்றும் கிடைக்கவில்லை" என்று ஏஜென்ட் சுருக்கிவிடுவதுண்டு. பிழை வந்தால் பிழை என்றே எழுதச் சொல்லுங்கள்.

உண்மையில் ஆபத்தானது வெற்று விடைதான். பெயரைத் தவறாகக் கொடுத்தாலும் ஓஎஸ்வி வெற்று விடைதான் தரும், ஓட்டையே இல்லாவிட்டாலும் அதே வெற்று விடைதான். மேவன் (ஜாவா தொகுப்புகளின் களஞ்சியம்) தொகுப்புகளில் குழுப் பெயரும் தொகுப்புப் பெயரும் முக்காற்புள்ளியால் இணைந்து வரவேண்டும். பாதிப் பெயர் போதாது. ஒவ்வொரு முறையும் தேடலைத் தொடங்குமுன் லாக்4ஜே-கோர் 2.14.1ஐக் கேட்டுப் பாருங்கள். 44228 வராவிட்டால் குழாய் எங்கோ அடைத்திருக்கிறது. என்விடியில் இன்னொரு சிக்கல்: 2024 பிப்ரவரி முதல் ஆய்வுப் பணி தேங்கியதால், பல பதிவுகளில் எந்தெந்த மென்பொருள் பாதிக்கப்பட்டது என்ற குறியீடே இல்லை. அந்தக் குறியீட்டை வைத்துத் தேடினால் அவை வலையில் சிக்காது.

ஒரே ஓட்டை இரண்டு பெயரில் வருவதையும் கவனியுங்கள். கிட்ஹப் அறிவிப்புக்குத் தனி எண் உண்டு. ஓஎஸ்வி பதிவின் மாற்றுப்பெயர்ப் பகுதியில் சிவிஇ எண் இருக்கும். இணைத்துப் பார்க்காவிட்டால் கணக்கு இரட்டிப்பாகும்.

திருத்தப் பதிப்பைச் சொன்னதும் ஏஜென்ட்டை விட்டுவிடாதீர்கள். அந்தப் பதிப்பையே மறுபடி தேடச் சொல்லுங்கள். லாக்4ஜேயில் 44228க்குத் திருத்தமாக 2.15.0 வந்தது. அது முழுமையாக இல்லாததால் 45046 என்ற இன்னொரு சிவிஇ, அதற்கு 2.16.0. பிறகு 45105க்கு 2.17.0, 44832க்கு 2.17.1. இதில் 45046க்கு முதலில் கொடுத்த சிவிஎஸ்எஸ் மதிப்பெண் (ஓட்டையின் தீவிரம், 10க்கு) 3.7, பின்னர் 9.0 ஆனது. எனவே தேடிய தேதியும் அறிக்கையில் இருக்கட்டும்.

லினக்ஸ் தொகுப்புகளில் பதிப்பு எண்ணை மட்டும் நம்பினால் வீண் பதற்றம்தான். சிவிஇ-2024-6387, தொலைவிலுள்ள கணினியில் பாதுகாப்பாக நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் மென்பொருளின் 8.5பி1 முதல் 9.8பி1க்கு முந்தைய பதிப்புகள் வரை பாதிப்பது. டெபியன் 12 என்ற லினக்ஸ் வெளியீட்டில் இருப்பது 9.2பி1, ஆனால் டெபியன் அந்தத் திருத்தத்தை மட்டும் எடுத்து அதே 9.2பி1இல் பொருத்தி வெளியிட்டது. டெபியனின் பின்னொட்டோடு சேர்ந்த முழுப் பதிப்பையும் கொடுத்தால்தான் சரியான விடை வரும்.

எதை முதலில் சரிசெய்வது? அமெரிக்க இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசாவின் கேஇவி பட்டியலில் இருந்தால் அதுதான் முதலில்: நிஜத்திலேயே தாக்குதலுக்குப் பயன்பட்டவை அவை. அடுத்து, வரும் 30 நாளில் தாக்கப்படும் வாய்ப்பைச் சொல்லும் இபிஎஸ்எஸ். சிவிஎஸ்எஸ் மதிப்பெண் அதற்குப் பிறகுதான்.

ஏஜென்ட்டுக்குப் படிக்கும் உரிமை மட்டும் போதும். அறிவிப்புகளும் இணைப்புப் பக்கங்களும் யாரோ எழுதியவை. அவற்றுக்குள் ஒளிந்திருக்கும் கட்டளையை ஏஜென்ட் பின்பற்றிவிடலாம். தானாகப் பதிப்பை உயர்த்தும் அனுமதி வேண்டவே வேண்டாம். உங்கள் நிறுவனத்துக்குள் மட்டும் புழங்கும் தொகுப்புப் பெயர்களையும் வெளியே அனுப்புமுன் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.