வெள்ளைத் தாளைப் பார்த்து முழிக்க வேண்டாம், முதலில் புள்ளி வையுங்கள்

மனம் படபடவென்று இருக்கும்போது "ஏதாவது வரைந்து பாருங்களேன், லேசாக இருக்கும்" என்று சொல்வார்கள். சரி என்று உட்கார்ந்தால் எதை வரைவது என்றே தெரியாது, எரிச்சல்தான் கூடும். இதில் உங்கள் குறை எதுவும் இல்லை. 2005இல் அமெரிக்காவில் கரி, காசர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 84 கல்லூரி மாணவர்களுக்கு முதலில் கொஞ்சம் பதற்றத்தை உண்டாக்கிவிட்டு, சிலருக்கு மண்டலம் (mandala) என்கிற வட்ட வடிவ அலங்காரப் படத்தையும் சிலருக்குக் கட்டம் போட்ட படத்தையும் சிலருக்கு வெறும் தாளையும் கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னார்கள். மண்டலமும் கட்டமும் கிடைத்தவர்களுக்குப் பதற்றம் நன்றாகவே இறங்கியது, வெறும் தாள் கிடைத்தவர்களுக்கு அந்த அளவு இறங்கவில்லை. கோடு ஏற்கெனவே இருந்தால் மனத்துக்கு ஒரு பிடி கிடைக்கிறது.

அந்தப் பிடி நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறதே! அதனால் பெரியவர்களுக்கான கலரிங் புத்தகம் தேடிக் கடைக்கு ஓட வேண்டாம். ஒரு புள்ளிக் கோலம் போதும்.

தேவையானவை: ஏ4 அளவில் கொஞ்சம் தடித்த வரைதாள் (150 ஜிஎஸ்எம் அளவில் இருந்தால் நல்லது, ஃபோட்டோஸ்டாட் தாளில் மூன்றாவது பூச்சிலேயே மேல்பரப்பு உரிய ஆரம்பித்துவிடும்), பென்சில், ஸ்கேல், அழிப்பான், 12 கலர் பென்சில். பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் அதே பென்சில்தான், விலை உயர்ந்தது எதற்கு? வாட்டர் கலர் இப்போது வேண்டாம். பினாங்குக் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு அது காய்வதற்குள் உங்கள் பொறுமை காய்ந்துவிடும்.

இனி புள்ளி. தாளின் நடுவில் படுக்கைவாட்டில் 7 புள்ளி வையுங்கள், ஒவ்வொன்றுக்கும் இடையில் 2.5 சென்டிமீட்டர். அதற்கு மேலே சுமார் 2.2 சென்டிமீட்டர் தள்ளி 6 புள்ளி, ஒவ்வொன்றும் கீழே இருக்கிற இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் வர வேண்டும். அப்புறம் 5, அப்புறம் 4. கீழ்ப்பக்கமும் அதே மாதிரி. கோலம் போடுகிறவர்களுக்கு "7 புள்ளி, 4 வரை, இடுக்குப் புள்ளி" என்றாலே புரிந்துவிடும். மொத்தம் 37 புள்ளி, அறுகோணமாக நிற்கும்.

நடுப்புள்ளியிலிருந்து ஆறு திசையிலும் இதழ் வரையுங்கள். நடுவில் தொடங்கி, பக்கத்துப் புள்ளியை உள்ளே வைத்துக்கொண்டு, அதற்கு அடுத்த புள்ளியில் போய்க் கூர்மையாக முடிய வேண்டும். ஆறு நுனிகளையும் நேர்கோட்டால் இணையுங்கள். கடைசியாக வெளி வரிசையில் இருக்கும் 18 புள்ளிகளைச் சின்னச் சின்ன வளைவுகளால் சுற்றிவர இணைத்தால் கோலம் தயார். இதழ் ஒன்று குண்டாக, ஒன்று ஒல்லியாக வந்தால் வரட்டும், அழித்து அழித்துச் சரிசெய்ய உட்கார்ந்தால் வந்த காரியமே கெட்டுவிடும்.

வண்ணம் தீட்டுவதில்தான் அவசரப்படக் கூடாது. மூன்று அல்லது நான்கு நிறத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பன்னிரண்டையும் பரப்பி வைத்தால் அடுத்து எது என்று யோசிப்பதே இன்னொரு வேலையாகிவிடும். பென்சிலைக் கூர்முனையிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்து, சாய்த்து, அழுத்தாமல் ஒரே திசையில் தேயுங்கள். முதல் பூச்சு வெளிறித்தான் தெரியும். அதன் மேல் இரண்டாவது, தேவைப்பட்டால் மூன்றாவது. நடுவிலிருந்து வெளியே போங்கள். கை வேகமெடுத்தால் தோளைத் தளர்த்தி, மூச்சை மெதுவாக விட்டு, மறுபடி அதே இதழுக்கு வாருங்கள். கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள், பாதியில் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் பெரியம்மா வந்து "அந்தப் பச்சை எதுக்கும்மா?" என்று கேட்பார்.

எவ்வளவு நேரம்? 2016இல் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தில் 39 பேரை 45 நிமிடம் கலை வேலையில் உட்கார வைத்துப் பார்த்தபோது முக்கால்வாசிப் பேருக்கு மன அழுத்தத்தோடு தொடர்புள்ள கார்டிசால் சுரப்பு குறைந்திருந்தது, முன்பே வரையத் தெரிந்தவர் தெரியாதவர் என்ற வேறுபாடும் அதில் பெரிதாக இல்லை. எனக்கு என்னவோ, வேலை முடிந்து வந்த உடலுக்கு இருபது நிமிடமே தாராளம். மிச்சத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: இது மனத்தை இளைப்பாற வைக்கும் பழக்கம், சிகிச்சை இல்லை. பயிற்சி பெற்ற கலைச் சிகிச்சையாளர் கூட இருந்து செய்வது வேறு. தூக்கம் போய் வாரக்கணக்கில் மனம் எழும்பவே இல்லை என்றாலோ, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று தோன்றினாலோ பென்சிலை வைத்துவிட்டு மலேசிய சுகாதார அமைச்சின் ஹீல் (HEAL) மனநல உதவி எண் 15555க்கு அழையுங்கள்.

கோலம் கைக்கு வந்துவிட்டதா? அடுத்து பினாங்கு ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடுகளின் காக்கி லிமாவில் (கடை முன்னால் கூரையோடு இருக்கும் நடைபாதை) நடக்கும்போது தரையைப் பாருங்கள், பூ வேலைப்பாடு போட்ட பழைய ஓடுகள் கிடக்கும். ஒன்றைப் படம் எடுத்து வந்து, தாளில் ஒரு சதுரம் போட்டு நான்காகப் பிரித்து, ஒரு கால்பகுதியை மட்டும் வரைந்துகொள்ளுங்கள். மற்ற மூன்றும் அதையே திருப்பித் திருப்பி வரைவதுதான்.