புட்டுக்கு முன்னால் வறை

கர்ப்பகால நீரிழிவு இருந்தால், காலைச் சாப்பாட்டில் புட்டையோ இடியப்பத்தையோ முதலில் தொடாதீர்கள். முருங்கையிலை வறையோ பயற்றங்காய்க் கறியோ ஒரு சின்னக் கிண்ணம், கூடவே அவித்த முட்டை அல்லது மீன். பத்து நிமிடம் கழித்துப் புட்டு. தனிச் சமையல் வேண்டாம், வரிசையை மாற்றினால் போதும்.

நார்ச்சத்தும் புரதமும் முன்னே போனால் வயிறு மெதுவாகக் காலியாகும், இரத்தத்தில் சீனி ஏறுவதும் மெதுவாகும். விடியற்காலை ஹார்மோன்களால் காலையில் இன்சுலின் மந்தமாகவே வேலை செய்கிறது. அதனால்தான் பலருக்குக் காலைப் புட்டு அதிகம் ஏற்றுகிறது. முதல் வாய் வைத்ததிலிருந்து 1 மணித்தியாலத்தில் சீனி 140 மி.கி./டெ.லீ.க்குக் கீழ், அல்லது 2 மணித்தியாலத்தில் 120க்குக் கீழ் என்பது பொதுவான இலக்கு. முன்னே சாப்பிடுவதில் சம்பலும் சொதியும் கணக்கில் வராது, அவற்றில் புரதம் மிகக் குறைவு. கடைசியில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒன்றை முழுதாகச் சாப்பிட்டால், சரி, செய்ததெல்லாம் வீண்.

வெறும்வயிற்றுச் சீனி 95க்குக் குறையாதவர்களுக்கு இது மட்டும் உதவாது, கிளினிக்கில் சொல்லுங்கள். இன்சுலின் போடுபவர்கள் டொக்டரைக் கேட்காமல் புட்டைப் பிற்போடவோ குறைக்கவோ கூடாது. சீனி 70க்குக் கீழ் இறங்கினால் வறையெல்லாம் பிறகு. உடனே 3 தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர் குடித்து, 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள்.