ஃபுளூ பரவும் நேரத்தில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு

சிங்கப்பூரில் ஃபுளூ ஆண்டு முழுவதும் இருக்கிறது. வழக்கமாக டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலும் மே முதல் ஆகஸ்ட் வரையிலும் கூடும். ஊரிலிருந்து வந்து இங்கே வேலை செய்யும் நம்மவர்கள் காய்ச்சலை மறைக்கவே கூடாது. ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்று இரண்டு பனடோலை விழுங்கிவிட்டு விடியற்காலையில் லாரி ஏறுகிறவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. அந்த மாத்திரை சூட்டைத்தான் தணிக்கும், கிருமி பரவுவதை நிறுத்தாது. ஃபுளூ வைரஸுக்கான மருந்தோ, அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகக் கேட்கும். ஆகவே முதல் நாளே மருத்துவரைப் பாருங்கள், எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) வாங்கிக்கொண்டு ஓய்வெடுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த ஆன்டிபயாடிக்கைத் தொடாதீர்கள். வைரஸை அது ஒன்றும் செய்யாது.

விடுதி அறையில் ஒரே தண்ணீர்ப் போத்தல் கைமாறிக்கொண்டே இருக்கும். அன்பால் செய்வதுதான், ஆனால் இந்த நாட்களில் வேண்டாம். முகக்கவசம் போடுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள்.

தடுப்பூசி போட்ட பிறகு எதிர்ப்புச் சக்தி உருவாக ஏறக்குறைய 2 வாரம் ஆகும். பொங்கலுக்கு டிக்கெட் எடுத்தவர்கள் டிசம்பரிலேயே போட்டுக்கொண்டால், வீட்டில் இருக்கும் வயதான பெற்றோருக்கும் நல்லது.

சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தாங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையும் ஒவ்வாமை விவரத்தையும் ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்திருங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் நள்ளிரவானாலும் ஆம்புலன்ஸ் எண்ணான 995ஐ அழையுங்கள்.