சுற்றுச்சூழல் சிக்கலைப் பல துறையினர் கூடி ஆராய்வது எப்படி?

வேதியியலாளர், மருத்துவர், சமூகவியலாளர் என ஆளுக்கொரு பகுதியைப் பிரித்துக் கொடுத்து, கடைசியில் அறிக்கைகளை ஒன்றாகக் கோத்துவிட்டால் அது பல்துறை ஆய்வு ஆகிவிடாது. ஆய்வுக் கேள்வியையே எல்லோரும் சேர்ந்து வகுக்க வேண்டும். தரவு சேகரிக்கத் தொடங்கிய பிறகு கேள்வியைத் திருத்துவது மிகக் கடினம் என்பதால், இதற்குச் செலவாகும் நாட்களை வீண் என்று கருதக் கூடாது.

எடுத்துக்காட்டாக, வங்கதேசத்தில் குளம் குட்டை நீரால் பரவிய வயிற்றுப்போக்கைத் தடுக்க, 1970களிலிருந்து ஆழம் குறைந்த குழாய்க் கிணறுகள் லட்சக்கணக்கில் போடப்பட்டன. அந்தக் கிணற்று நீரில் ஆர்சனிக் என்ற நச்சுத் தனிமம் கலந்திருப்பது 1990களில்தான் வெளிப்பட்டது. வண்டல் மண்ணின் இரும்பு ஆக்சைடுகளில் ஒட்டியிருக்கும் ஆர்சனிக், ஆக்சிஜன் அற்ற சூழலில் நுண்ணுயிரிகள் கரிமப் பொருளைச் சிதைக்கும்போது நீரில் கரைகிறது. நோய்த்தடுப்புக்காக நல்லெண்ணத்துடன் எடுத்த முடிவு, நிலவியலைக் கேட்காமல் எடுக்கப்பட்டதால் வந்த கேடு இது. ‘எந்தக் கிணற்றில் ஆர்சனிக் எவ்வளவு?’ என்பதற்கு வேதியியலாளர் ஒருவரே விடை தந்துவிடுவார். ‘பாதுகாப்பான கிணறு அருகிலேயே இருந்தும் இந்தக் குடும்பம் ஏன் பழைய கிணற்று நீரையே குடிக்கிறது?’ என்பதற்கு யாராலும் தனியாக விடை தர முடியாது. அத்தகைய கேள்வியைத் தேடிப் பிடியுங்கள்.

அடுத்து, எல்லோருடைய தரவையும் இணைக்கும் பொது அலகு ஒன்றைத் தீர்மானியுங்கள். இந்த எடுத்துக்காட்டில் அது கிணறு. ஒவ்வொரு கிணற்றுக்கும் ஓர் எண் கொடுத்து, அதன் ஆழத்தையும் ஆர்சனிக் அளவையும், அங்கே நீர் எடுக்கும் குடும்பங்களையும், அவர்களுடைய உடல்நிலையையும் அதே எண்ணின் கீழ் பதிய வேண்டும். சமூகவியலாளர் ஊர் வாரியாகவும் வேதியியலாளர் கிணறு வாரியாகவும் பதிந்தால், பின்னர் எந்தப் புள்ளியியல் முறையாலும் அவற்றைச் சரியாகப் பொருத்த இயலாது. ஏனெனில் அடுத்தடுத்த வீடுகளின் கிணறுகளிலேகூட ஆர்சனிக் அளவு பெரிதும் வேறுபடும்.

கால அளவும் இதே கவனத்தைக் கேட்கிறது. சிறுநீரில் காணப்படும் ஆர்சனிக் கடந்த சில நாட்களின் உட்கொள்ளலைக் காட்டுகிறது. தோலில் தோன்றும் புள்ளிகளும் தடிப்புகளும் பல ஆண்டுகளின் விளைவு. ஆகவே இன்றைய நீர்மாதிரியை இன்றைய தோல் நோயுடன் நேரடியாகப் பொருத்தாமல், எத்தனை ஆண்டுகளாக அந்தக் கிணற்றைப் பயன்படுத்துகிறார்கள் என்று நேர்காணலில் கேட்க வேண்டும். மருத்துவருக்குத் தேவையான இந்த விவரம் சமூகவியலாளரின் வினாப்பட்டியலில் இருந்தாக வேண்டும் என்பதால், அதை இருவரும் சேர்ந்தே எழுதுவது நல்லது.

நீர் சுமப்பவர்களைத் தகவல் தருபவர்களாக மட்டும் நடத்தாதீர்கள். எந்தக் கிணற்றுக்குப் போக எந்த வீட்டு முற்றத்தைக் கடக்க வேண்டும், அங்கே யாருக்கு அனுமதி இல்லை என்பதை எந்தக் கருவியும் அளக்காது. அவர்களே சொல்ல முடியும். முடிவுகளும் முதலில் அவர்களைச் சென்றடைய வேண்டும். வங்கதேசத்தில் ஆர்சனிக் வரம்பு மீறிய குழாய்களுக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் பூசப்பட்டன. சிவப்பு பூசிவிட்டு நகர்ந்தால் போதாது. நடந்து சென்று எடுக்கும் தொலைவில் மாற்றுக் கிணறு இல்லாத குடும்பங்களுக்கு வழி காண்பதற்கான செலவை, ஆய்வுத் திட்டத்தின் முதல் வரைவிலேயே சேர்த்துவிடுங்கள்.