டம்மி விரிந்ததும் கடுதாசியைத் தொடாதீர்கள்

வெள்ளவத்தையில் சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் மேசைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் 304 என்ற கடுதாசி ஆட்டம் விளையாடி வளர்ந்தவர்கள். எந்தக் கடுதாசி விழுந்தது, எது மிச்சம் என்று நினைவு வைப்பதில் அவர்களை மிஞ்ச முடியாது. ஆனால் பிரிட்ஜில் டிக்ளேரராக (கேட்ட ஆட்டத்தை ஆடி முடிக்க வேண்டியவராக) உட்கார்ந்ததும் முதல் ட்ரிக்கிலேயே (நால்வரும் ஒவ்வொரு கடுதாசி போடும் சுற்றிலேயே) ஆட்டத்தை விட்டுவிடுகிறார்கள், காரணம் அவசரம்தான். டம்மி, அதாவது உங்கள் கூட்டாளியின் கடுதாசிகள், மேசையில் விரிந்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள்.

ஒரு கையை எடுத்துப் பார்ப்போம். நீங்கள் தெற்கு, கேட்டது 3 நோட்ரம்ப், அதாவது துரும்பு இல்லாமல் 9 ட்ரிக் வேண்டும். உங்கள் கையில் ஸ்பேட் ஏ-8-3, ஹார்ட் ஏ-7-4, டயமண்ட் 9-7-3, கிளப் ஏ-கே-7-4. டம்மியில் ஸ்பேட் 7-4, ஹார்ட் கே-8-5, டயமண்ட் ஏ-க்யூ-ஜே-10-4, கிளப் 9-6-2. மேற்கு ஸ்பேட் கிங்கை இறக்குகிறார்.

கையில் உறுதியாக இருப்பவை ஸ்பேட் 1, ஹார்ட் 2, டயமண்ட் 1, கிளப் 2, மொத்தம் 6. மிச்சம் 3 எங்கிருந்து வரும்? டயமண்டில்தான். கையிலிருந்து டயமண்டை ஆடி ஃபினெஸ் எடுத்தால் (கிங் மேற்கிடம் இருக்கும் என்று நம்பி டம்மியில் ஏஸுக்குக் கீழுள்ளதைப் போட்டால்), அது தோற்றுக் கிழக்கு கிங்கால் பிடித்தாலும் டயமண்டில் 4 ட்ரிக் கிடைக்கும், 9 சரி.

அப்படியானால் ஆபத்து எங்கே? ஸ்பேடில். முதல் சுற்றிலேயே ஏஸைப் போட்டுப் பிடித்தால், கிழக்கு டயமண்ட் கிங்கால் பிடித்து ஸ்பேடைத் திருப்புவார், மேற்கிடம் ஐந்து ஸ்பேட் இருந்திருந்தால் மீதி நான்கையும் எடுத்துவிடுவார், ஒரு ட்ரிக் குறைந்து தோற்பீர்கள். அதனால் ஏஸைப் போடாமல் வைத்திருங்கள். எத்தனை சுற்றுக்கு என்றால், உங்கள் இரண்டு கைகளிலும் உள்ள ஸ்பேடைக் கூட்டி 7-இலிருந்து கழியுங்கள்: 7-5=2. இரண்டு சுற்று விட்டுக்கொடுத்து மூன்றாவதில் ஏஸ். ஸ்பேட் 5-3 ஆகப் பிரிந்திருந்தால் கிழக்கிடம் திருப்ப ஸ்பேடே இருக்காது. 4-4 ஆக இருந்தாலும் மூன்று ஸ்பேடும் ஒரு டயமண்டும்தான் போகும், அதைத் தாங்கலாம். டம்மியின் ஹார்ட் கிங்கை மட்டும் வீணாக்காதீர்கள், அங்கே போவதற்கு வேறு வழி வேண்டியிருக்கலாம். ஹார்ட் வந்தால் கையிலுள்ள ஏஸால் பிடியுங்கள்.

ஒன்றைக் கவனித்தீர்களா, இந்த ஆட்டத்தில் ஃபினெஸ் வெல்ல வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. எதிரிகளிடம் எஞ்சிய 5 கடுதாசி 3-2 ஆகப் பிரிய 68 வீத வாய்ப்பு, 6 கடுதாசி 3-3 ஆகப் பிரிய ஏறத்தாழ 36 வீதம்தான், ஒரு சாதாரண ஃபினெஸுக்கு 50. ஒன்று தோற்றாலும் மற்றதை முயற்சிக்க இடம் விடுகிற வரிசையைத் தேடுங்கள், எனக்கு அதுதான் டிக்ளேரர் ஆட்டத்தின் உயிர்.

துரும்பு ஆட்டத்தில் எண்ணும் திசை மாறும், போகும் ட்ரிக்குகளை எண்ண வேண்டும். 4 ஸ்பேடில் (ஸ்பேட் துரும்பு, 10 ட்ரிக் வேண்டும்) 3 ட்ரிக் வரை போகலாம். கையில் ஹார்ட் ஏ-6-3, டம்மியில் ஒற்றை ஹார்ட்டும் மூன்று துரும்பும் என்றால், எடுத்த எடுப்பில் துரும்பை மூன்று சுற்று இறக்கிவிடாதீர்கள். முதலில் ஹார்ட் ஏஸ், பிறகு அந்த இரண்டு சின்ன ஹார்ட்டையும் டம்மியின் துரும்பால் வெட்டுங்கள், அப்புறம் துரும்பை இறக்கலாம்.