கை வழி ஆஞ்சியோ: பட்டை இறுகினால் நாடி அடைபடலாம்

மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ (இதய ரத்தக்குழாய்களைப் படம் எடுக்கும் சோதனை) முடிந்து வார்டுக்கு வருபவரின் கையில், துளையில் ரத்தம் கசியாமல் அழுத்த, காற்றடைத்த பிளாஸ்டிக் பட்டை ஒன்று இருக்கும். "நல்லா இறுக்கமாத்தானே கட்டியிருக்கீங்க?" என்று உறவினர்கள் கவலையோடு கேட்பார்கள். அந்த இறுக்கம்தான் ஆபத்து.

மணிக்கட்டு வழி ஆஞ்சியோ, 1989இல் மான்ட்ரியாலில் டாக்டர் லூசியன் காம்போ தொடங்கிவைத்த முறை. தொடை வழியைவிட ரத்தக்கசிவு குறைவு. ஆனால் மணிக்கட்டுத் தமனியின் அகலம் சுமார் இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான். பட்டையை அழுத்தமாகக் கட்டி மணிக்கணக்கில் விட்டால் ஓட்டம் நின்று ரத்தம் உறைந்து குழாய் அடைபடலாம்.

கசிவு நிற்க வேண்டும், நாடி ஓட வேண்டும். அதற்குப் பட்டையின் காற்றை மெல்ல இறக்கி, ஒரு துளி ரத்தம் எட்டிப் பார்த்ததும் கொஞ்சம் காற்றை ஏற்றி நிறுத்துவார்கள். பிறகு கட்டைவிரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டி, சுண்டுவிரல் பக்கத் தமனியை அழுத்திப் பார்க்க வேண்டும். மீட்டரில் துடிப்பு அலை தெரிந்தால் மணிக்கட்டுத் தமனியில் ஓட்டம் இருக்கிறது. இந்தச் சோதனையை விடவே கூடாது. விரல்கள் சூடாகச் சிவந்திருப்பதை நம்பிப் பயனில்லை. ஒரு தமனி அடைத்தாலும் மற்றொன்று உள்ளங்கைக்கு ரத்தம் கொடுத்துவிடும், நோயாளிக்கு வலிகூடத் தெரியாது. பின்னால் அதே வழியில் மறுபடி ஆஞ்சியோ செய்யவோ, பைபாஸுக்கு அந்தக் குழாயை எடுக்கவோ போகும்போதுதான் இழப்பு புரியும். டயாலிசிஸ் தேவைப்படக்கூடிய சிறுநீரக நோயாளிகளுக்கு அந்தக் குழாய் இன்னும் முக்கியம். அவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஆஞ்சியோ செய்யும் அறையான கேத் லேபிலும் தவறுகள் நடக்கின்றன. 'படம் எடுப்பது மட்டும்தானே' என்று ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தைத் தவிர்ப்பது ஒன்று. சிறிய தமனிக்குள் பெரிய ஷீத்தை (கருவிகளை உள்ளே செலுத்தும் குழாயை) திணிப்பது இன்னொன்று. தமனி இறுகிப் பிடித்துக்கொண்டால் ஷீத்தை வலுக்கட்டாயமாக இழுக்கவே கூடாது. தமனியைத் தளர்த்தும் நைட்ரோகிளிசரின் மருந்து கொடுத்து, நோயாளியின் பதற்றத்தைத் தணித்து, இளகும்வரை காத்திருக்க வேண்டும்.

நோயாளிகளுக்கு: பட்டையை நீங்களே தளர்த்தாதீர்கள். சில நாட்களுக்கு அந்தக் கையால் குடம், சிலிண்டர் தூக்க வேண்டாம். முன்கை வீங்கிக் கல்லாக இறுகினாலோ, விரல்கள் மரத்தாலோ தூக்கத்தில் இருக்கும் நர்ஸை எழுப்பத் தயங்காதீர்கள். வீட்டில் ரத்தம் பீறிட்டால், துளை இருக்கும் இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தபடியே 108ஐ அழையுங்கள்.