பழைய ஆர்கேட் கேம் ஸ்டைல்ல பிக்சல் ஃபாண்ட்: வரையறது எப்படி, மங்காம யூஸ் பண்றது எப்படி

பேக்மேன் காலத்து நாம்கோ கம்பெனி கேம்ல ஸ்கோர் காட்டுமே, அந்த எழுத்துதான் இன்னைக்கு பிரஸ் ஸ்டார்ட் 2பி-ங்கிற பேர்ல கூகுள் ஃபாண்ட்ஸ்ல ஃப்ரீயா கிடைக்குது. அந்த வடிவம் நாம்கோவுக்கும் முந்தி 1976ல குவிஸ் ஷோ கேம்லயே வந்தாச்சு.

இதே மாதிரி நீங்களே ஒண்ணு பண்ணணும்னா முதல்ல கட்டம் போட்ட நோட்டு எடுங்க. ஒரு எழுத்துக்கு 8க்கு 8 கட்டம், ஆனா வரையறது 7க்கு 7லதான், வலது ஓரமும் அடி வரிசையும் காலியா விட்டாத்தான் பக்கத்து எழுத்தோட ஒட்டாது. இங்கிலீஷ் 'ஏ' (A) போடுவோம்: மேல் வரிசைல நடுவுல மூணு கட்டம், ரெண்டாவதுல ரெண்டு, ஒரு கேப், மறுபடி ரெண்டு, அப்புறம் ரெண்டு வரிசைக்கு ரெண்டு ஓரத்துலயும் ரெண்டு ரெண்டு, அஞ்சாவது ஏழும் ஃபுல்லு, கடைசி ரெண்டும் மறுபடி ஓரம் மட்டும். நிக்கிற கோடு ரெண்டு கட்டம், படுத்த கோடு ஒண்ணுதான், கவனிச்சீங்களா? அந்த ரெட்ரோ லுக்கே இந்த தடிமன் வித்தியாசத்துலதான் இருக்கு, எல்லாத்தையும் ஒரே தடிமன்ல போட்டா கால்குலேட்டர் எழுத்து மாதிரி ஆயிடும்.

வரைஞ்சத ஃபாண்டா மாத்த ஃபாண்ட்ஸ்ட்ரக்ட்ங்கிற வெப்சைட் போதும், பிரவுசர்லயே வேலை முடியும். ஃபாண்ட்ஃபோர்ஜ்ங்கிற சாஃப்ட்வேர்ல பண்றவங்க எம் சைஸ் (எழுத்து உக்கார்ற சதுரத்தோட மொத்த அளவு) 1024 வச்சுக்கோங்க, அத 8ஆ பிரிச்சா ஒரு பிக்சல், அதாவது ஒரு கட்டம், சரியா 128 யூனிட்.

யூஸ் பண்றப்பதான் பாதி பேர் சொதப்புறது. சைஸ் 8, 16, 24, 32 பிக்சல்னு எட்டோட மடங்கா மட்டும்தான், 18 போட்டா ஒரு கோடு தடிச்சு ஒரு கோடு மெலிஞ்சு ஓரமெல்லாம் சாம்பல் கலர்ல மங்கும். வெப்பேஜ்ல ஹெட்டிங் டேக்ல (h1, h2) போட்டா பிரவுசர் தானா போல்டாக்கும், பிரஸ் ஸ்டார்ட்டுக்கு போல்டே கிடையாது, அதனால போலியா தடிப்பாக்கி நாசம் பண்ணிடும், சிஎஸ்எஸ்ல font-weight: normal-னு எழுதிடுங்க. ஃபோட்டோஷாப்ல ஆன்டி அலையாஸ் (எழுத்தோட ஓரத்த மழுப்புற செட்டிங்) நன் (None)-னு வைங்க. பெரிய பாராவுக்கெல்லாம் தயவுசெஞ்சு வேணாம், கண்ணு வலிக்கும், தலைப்பு, பட்டன், ஸ்கோரோட நிறுத்திக்கோங்க.

தமிழ்ல போடலாமான்னா, பிரஸ் ஸ்டார்ட்ல தமிழே இல்ல, டைப் பண்ணா வேற ஃபாண்ட் வந்து உக்காந்துக்கும். நாமளே வரையலாம்தான், ஆனா 8 கட்டம் பத்தாது, ஒரு சுழிக்குள்ள ஓட்டை தெரியணும்னாலே மூணு கட்ட அகலம் வேணும், மூணு சுழி ண-வ எங்க அடைக்கிறது? உயரத்துலயும் மேல கி-யோட கொக்கி, கீழ கூ-வோட வால். அதனால 16க்கு 16 எடுங்க, குனு யூனிஃபாண்ட்ங்கிற ஃப்ரீ பிக்சல் ஃபாண்ட்ல தமிழ் இருக்கு, அத ஜூம் பண்ணி பாத்தா எங்க எப்படி சுருக்கியிருக்காங்கன்னு புரியும். கு, டி மாதிரி எழுத்துக்கெல்லாம் தனி வடிவம் வரைஞ்சு ஃபாண்ட்ஃபோர்ஜ்ல ஜிசப் (GSUB) ரூல், அதாவது க-வோட உ குறி சேர்ந்தா கு வடிவத்த எடுத்து வைன்னு சொல்ற விதி, போடணும், அது கொஞ்சம் இழுக்கும், முதல்ல க வரிசைய மட்டும் முடிச்சு டெஸ்ட் பண்ணிட்டு மத்தத தொடுங்க.